இரவல் கத்தரிக்கோல்

பருவமழை ஓய்ந்து குளிர் தொடங்குமுன் வரும் சில வாரங்களில், தில்லி முதலிய வட நகரங்களின் மருத்துவமனைகளில் காய்ச்சல்காரர்களின் கூட்டம் பெருகுவது நாம் அடிக்கடி காணும் காட்சி. அவ்வேளையில் அனுபவமுள்ள மருத்துவர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "இதற்கு முன் எப்போதாவது டெங்கு வந்ததுண்டா?" என்பது. கேட்பவருக்கு அது வெறும் சம்பிரதாயக் கேள்வியாகத் தோன்றலாம். தட்டம்மை ஒரு முறை வந்து போனால் மறுபடி வருவதில்லை. டெங்குவும் அவ்வாறே என்று எண்ணுவது இயல்பு. ஆனால் டெங்குவின் கணக்கு வேறு. அது முதல்முறை வந்ததைக் காட்டிலும் இரண்டாம் முறை வரும்போதே அதிக ஆபத்து விளைவிக்கக்கூடும்.

இஃது ஏன் என்று தேடிப் புறப்பட்ட ஆராய்ச்சியாளர்கள் பல வழிகளில் சென்றனர். அவற்றுள் ஒரு வழி அவர்களை நம் உடலின் ஓர் உயிரணுவுக்குள், அங்கே மறைந்து பணிபுரியும் ஒரு நுண்ணிய கத்தரிக்கோலிடம் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தக் கத்தரிக்கோல் வைரஸுக்குச் சொந்தமானதன்று; நம்முடையது. கொசு கொண்டுவரும் வைரஸ் தன் மேனியை முடித்துக்கொள்ள அதை நம்மிடம் இரவல் வாங்குகிறது. அந்த இரவலின் கதையே இக்கட்டுரை.

கைம்முதல் இல்லாத வியாபாரி

வைரஸ் என்பது தானாக உண்டு, தானாக வளர்ந்து, தானாகப் பெருகும் உயிரன்று. புரதத்தாலும் கொழுப்பாலும் ஆன ஓர் உறைக்குள் சுருட்டி வைத்த ஒரு குறிப்பே அது. டெங்கு வைரஸின் குறிப்பு ஆர்.என்.ஏ. என்னும் பொருளில் எழுதப்பட்டது. அதில் உள்ள எழுத்துகள் ஏறக்குறைய 10,700. மனித உடலுக்குரிய குறிப்போ சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்டது. இரண்டையும் ஒப்பிட்டால், ஒரு பக்கம் பெரிய நூலகமும் மறுபக்கம் ஒரு துண்டுச் சீட்டும் போல இருக்கும். உருவமும் அதற்கேற்றதே. முதிர்ந்த டெங்கு துகள் ஒன்றன் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். இருபதாயிரம் துகள்களை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும்.

இவ்வளவு சிறிய சீட்டில் எல்லாக் கருவிகளுக்குமான குறிப்பை எழுத இடமில்லை. ஆதலால் வைரஸ் இன்றியமையாத சிலவற்றை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, ஏனையவற்றைப் புகுந்த வீட்டில் எடுத்துக்கொள்கிறது. கைம்முதல் இல்லாமல் பிறர் கடையில் அமர்ந்து, பிறர் தராசைக் கொண்டே வியாபாரம் நடத்தும் ஒருவனை நினைத்துக்கொள்ளலாம்.

டெங்குவின் குறிப்பை நம் உயிரணு படித்தவுடன், சுமார் 3,400 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரே நீண்ட புரதச் சங்கிலி உருவாகிறது. அச்சங்கிலி தக்க இடங்களில் வெட்டுப்பட்டு 10 புரதங்களாகப் பிரிய வேண்டும். அவற்றுள் ஏழு, உயிரணுவுக்குள் இருந்து வேலை பார்ப்பவை. மூன்று மட்டுமே வைரஸின் உடலாக அமைபவை. ஒன்று ஆர்.என்.ஏ.வைப் பொதிந்து வைக்கும் உட்புரதம். மற்றொன்று வெளியே போர்த்திய உறைப்புரதம். மூன்றாவது முன்சவ்வுப் புரதம் எனப்படுவது. இந்த மூன்றாவதன் தலைப்பகுதி உறைப்புரதத்தின் நுனிமேல் ஒரு மூடிபோல் அமர்ந்திருக்கும். நம் கதையில் இந்த மூடிக்கே முக்கிய இடம்.

மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஸிகா ஆகியவற்றின் வைரஸ்கள் டெங்குவின் குலத்தைச் சேர்ந்தவை. 1957-இல் மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில் குரங்குகள் மாண்டு விழுந்தபோது கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டு நோயின் வைரஸும் அக்குலத்ததே; ஆனால் அது கொசுவால் அன்றி உண்ணியால் பரவுவது. இவை யாவும் இதே மூடியையும் இதே இரவல் வித்தையையும் உடையவை.

பிறர் பட்டறையில்

உயிரணுவுக்குள் மடிப்பு மடிப்பாகப் பரந்து கிடக்கும் ஒரு சவ்வு வலை உண்டு. அதனை எண்டோபிளாச வலை என்பர். உயிரணு வெளியே அனுப்பவேண்டிய புரதங்கள் யாவும் முதலில் இவ்வலையில்தான் உருப்பெறும். டெங்குவின் நீண்ட சங்கிலியும் இங்கேயே வந்து, ஊசி துணியில் நுழைந்து நுழைந்து வெளிவருவதுபோல, சவ்வின் இருபுறமும் மாறி மாறித் தைக்கப்படுகிறது. சவ்வின் உட்புறத்தில் விழவேண்டிய வெட்டுகளை நம் உயிரணுவுக்குச் சொந்தமான ஒரு நொதி செய்கிறது. வெளிப்புறத்து வெட்டுகளை மட்டும் வைரஸ் தானே கொண்டுவந்த நொதி செய்கிறது. இங்ஙனம் இரு வீட்டாரும் பங்கிட்டுக்கொண்டு ஒரு வேலையை முடிக்கின்றனர். ஒரு வீட்டாருக்கு அது தெரியாது என்பதுதான் வேறுபாடு.

அடுத்தது சர்க்கரைப் பூச்சு. பதினான்கு சர்க்கரை மூலக்கூறுகள் கிளைத்து நிற்கும் ஒரு சிறு கொம்பை, உயிரணுவின் நொதிக்கூட்டம் ஒன்று அப்படியே தூக்கிப் புதிய புரதத்தின்மேல் நட்டுவிடும். பின்னர் வேறு நொதிகள் அக்கொம்பின் நுனிகளை ஒவ்வொன்றாகக் கழிக்கும். கழித்த கொம்பின் நிலையைப் பார்த்து, புரதம் சரியாக மடிந்திருக்கிறதா என்று சோதிக்கும் மேற்பார்வையாளர்களும் அங்கே உண்டு. சரியாக மடிந்தவை முன்னே செல்லும். மடியாதவை திருப்பி அனுப்பப்படும் அல்லது அழிக்கப்படும். டெங்குவின் உறைப்புரதத்தில் இரண்டு இடங்களிலும் மூடியில் ஓரிடத்திலும் இத்தகைய சர்க்கரைக் கொம்புகள் நடப்படுகின்றன. வந்தவன் கள்வன் என்பதை அறியாமலே வீட்டுக்காரன் அவனுக்குச் சட்டை தைத்து, பொத்தானும் சரிபார்த்து அனுப்புகிறான்.

இந்தச் சார்பு எவ்வளவு ஆழமானது என்பது 2016-இல் தெளிவாயிற்று. மனித உயிரணுக்களின் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கி, எதை முடக்கினால் வைரஸ் தவிக்கிறது என்று அமெரிக்க ஆராய்ச்சிக் குழுக்கள் அவ்வாண்டில் பார்த்தன. சர்க்கரைக் கொம்பை நடும் நொதிக்கூட்டம் பழுதானபோது டெங்கு பெருக முடியவில்லை. உட்புறத்து வெட்டைச் செய்யும் நொதியின் ஒரு துணையுறுப்பை நீக்கியபோது டெங்குவும் அதன் குலத்தாரும் தடுமாறின. வியப்பு யாதெனில், அத்துணையுறுப்பு இல்லாமலும் உயிரணு பெரும்பாலும் தன் பாட்டுக்கு வாழ்ந்தது.

மூடியின் பயன்

எண்டோபிளாச வலையில் திரண்ட புதிய துகள் இன்னும் முதிராதது. அதன் மேனியில் அறுபது முட்கள் துருத்தி நிற்கும். பெரிதாக்கிப் பார்த்தால் பலாக்காயை ஒத்திருக்கும். ஒவ்வொரு முள்ளும் மூன்று உறைப்புரதங்கள் சேர்ந்தது; ஒவ்வோர் உறைப்புரதத்தின் நுனியிலும் ஒரு மூடி. இந்த மூடி ஏன்?

வைரஸ் ஓர் உயிரணுவுக்குள் நுழையும் விதத்தை அறிந்தால் விடை கிடைக்கும். வெளியிலிருந்து வரும் துகளை உயிரணு ஒரு சிறு பைக்குள் விழுங்குகிறது. அப்பையில் அமிலத்தன்மை ஏறுகிறது. அந்த அமிலம் பட்டதும் உறைப்புரதம் நிமிர்ந்து, தன் நுனியைப் பையின் சவ்வில் பாய்ச்சி, வைரஸின் சவ்வையும் பையின் சவ்வையும் ஒன்றாக்கிவிடுகிறது. உள்ளேயிருந்த ஆர்.என்.ஏ. உயிரணுவுக்குள் கொட்டுகிறது. ஆகவே அமிலமே திறவுகோல்.

இங்கேதான் சிக்கல். உள்ளே வரும்போது உதவும் அதே அமிலம், புதிய துகள் வெளியே செல்லும் வழியிலும் இருக்கிறது. எண்டோபிளாச வலையிலிருந்து புறப்பட்ட துகள், கோல்ஜி அடுக்குகளைக் கடந்தே வெளியேற வேண்டும். இத்தாலிய மருத்துவர் காமில்லோ கோல்ஜி 1898-இல் விவரித்த இவ்வடுக்குகளின் கடைசிப் பகுதி சற்று அமிலத்தன்மை உடையது. உறைப்புரதம் அங்கேயே ஏமாந்து நுனியை நீட்டிவிட்டால், துகள் பிறந்த வீட்டின் சுவரிலேயே ஒட்டி வீணாகிவிடும். அதைத் தடுக்கவே மூடி. சரக்கு வண்டிப் பெட்டியின் கதவில் இடும் முத்திரையைப்போல, போய்ச் சேருமிடம் வரும் வரையில் அது கதவைக் காக்கிறது.

ஆனால் முத்திரை என்றும் உடையாமலே இருந்தால் சரக்கை இறக்குவது எப்படி? மூடி போகவும் வேண்டும். ஆனால் காலம் பார்த்துப் போக வேண்டும். இந்தக் கடைசி வெட்டுக்கான கருவி வைரஸிடம் இல்லை. கோல்ஜியின் கடைசி அடுக்கில் குடியிருக்கும் நம் நொதி ஒன்றே அதைச் செய்கிறது. அதன் பெயர் ஃபியூரின்.

ஃபியூரின் நம் உடலின் நல்ல ஊழியன். இன்சுலினை வாங்கிக்கொள்ளும் புரதம், வளர்ச்சிக்கு வேண்டிய பல புரதங்கள் ஆகியவை முதலில் சற்று நீளமாக உருவாகிப் பின்னர் ஃபியூரினால் வெட்டப்பட்டே பயனுக்கு வருகின்றன. கார இயல்புள்ள அமினோ அமிலங்கள் ஒரு குறித்த முறையில் அடுத்தடுத்து அமைந்த இடத்தைக் கண்டால் அது வெட்டும். அந்த இடம் யாருடையது என்று அது கேட்பதில்லை. டெங்கு தன் மூடியின் அடியில் அதே அடையாளத்தை எழுதி வைத்திருக்கிறது. 2020-இல் உலகையே வீட்டுக்குள் அடைத்த கொரோனா வைரஸின் முட்களிலும் இத்தகைய அடையாளம் ஒன்று இருந்தது.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ராஸ்மன், ரிச்சர்ட் கூன் ஆகியோரின் குழுவினர் 2002-இல் டெங்கு துகளின் வடிவத்தை வெளியிட்டனர். 2008-இல் இக்கடைசி வெட்டின் வரிசையையும் அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் விளக்கினர். கோல்ஜியின் அமிலத்தில் முட்கள் மடங்கிப் படுத்துக்கொள்கின்றன, அப்போது வெட்டுமிடம் ஃபியூரினுக்கு எட்டுகிறது, அது வெட்டுகிறது. இருப்பினும் வெட்டுண்ட மூடி உடனே விழுவதில்லை. அமிலம் உள்ள வரையில் அது தன் இடத்திலேயே ஒட்டிக்கொண்டு காவல் காக்கிறது. துகள் உயிரணுவைவிட்டு வெளியேறி, அமிலம் இல்லாத இடத்தை அடைந்த பின்னரே மூடி கழன்று விழுகிறது. இப்போது துகளின் மேனியில் 180 உறைப்புரதங்கள், தளத்தில் பதித்த ஓடுகள்போல் வழவழப்பாகப் படுத்திருக்கும். பலாக்காய் விளாம்பழமாயிற்று. அடுத்த உயிரணுவைத் தாக்க அது ஆயத்தம்.

சிக்குன்குன்யாவின் வழக்கம்

குலம் வேறானாலும் பழக்கம் ஒன்றே என்பதற்குச் சிக்குன்குன்யா சான்று. 1952-53-இல் இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் அந்நோய் முதன்முதல் அறியப்பட்டது. வலியால் உடல் வளைந்து போவதைக் குறிக்கும் மகோண்டே மொழிச் சொல்லே அதன் பெயர். 1963-இல் கல்கத்தாவிலும் 1964-இல் சென்னையிலும் அது பரவியது. பின்னர்ப் பல ஆண்டுகள் ஓய்ந்திருந்து 2005-இன் இறுதியில் மீண்டும் தலைகாட்டி, 2006-இல் நாடெங்கும் சுமார் 13.9 லட்சம் பேரைப் பீடித்ததாகக் கணக்கிடப்பட்டது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டே மாடிப்படி இறங்கிய அந்நாட்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

சிக்குன்குன்யாவின் உட்புரதம் தன்னைத் தானே சங்கிலியிலிருந்து வெட்டிக்கொள்ளும் திறமை உடையது. அதோடு அதன் தற்சார்பு முடிந்தது. முட்களை ஆக்கும் புரதங்களைப் பிரிப்பதற்கு எண்டோபிளாச வலையின் நொதியையும், முள்ளின் மூடியை வெட்டுவதற்கு ஃபியூரினையும் அது நாடுகிறது. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதத் தசை உயிரணுக்களை வளர்த்து, ஃபியூரினைத் தடுக்கும் பொருளை அவற்றோடு சேர்த்தபோது, சிக்குன்குன்யா ஓர் உயிரணுவிலிருந்து இன்னோர் உயிரணுவுக்குப் பரவுவது குறைந்தது. கத்தரிக்கோலை ஒளித்து வைத்தால் தையல்காரன் தவிப்பான் என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

இரு வீட்டுப் பிள்ளை

இந்த வைரஸ்கள் மனிதரிடம் மட்டும் வாழ்பவையல்ல. பாதி வாழ்வு ஏடிஸ் கொசுவுக்குள் கழிகிறது. கொசுவுக்கும் மனிதனுக்கும் உடலமைப்பில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. எனினும் உயிரணுவின் பட்டறை ஏறத்தாழ ஒரே முறையில்தான் இயங்குகிறது. எண்டோபிளாச வலை அங்கும் உண்டு; கோல்ஜி அடுக்கு அங்கும் உண்டு; ஃபியூரினை ஒத்த கத்தரிக்கோலும் அங்கு உண்டு. ஆகையால் ஒரே அடையாளத்தை எழுதி வைத்துக்கொண்டு இரண்டு வீடுகளிலும் வேலையை முடித்துக்கொள்ள வைரஸால் இயல்கிறது.

சர்க்கரைப் பூச்சில் மட்டும் சிறு வேறுபாடு. மனித உயிரணு சர்க்கரைக் கொம்பைக் கழித்தபின் அதன்மேல் புதிய வேலைப்பாடுகள் பல செய்யும். கொசுவின் உயிரணுவோ பெரும்பாலும் மானோஸ் என்னும் சர்க்கரை மிகுந்த எளிய கொம்போடு நிறுத்திவிடும். கொசு கடித்தவுடன் நம் தோலில் காவல் நிற்கும் உயிரணுக்களுள் சிலவற்றின் மேற்பரப்பில், மானோஸைப் பற்றிக்கொள்ளும் கொக்கி போன்ற புரதம் இருக்கிறது. கிருமிகளைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட கொக்கி அது. 2003-இல் வெளியான ஆய்வுகள், டெங்கு அந்தக் கொக்கியையே பிடித்துக்கொண்டு உள்ளே ஏறுவதைக் காட்டின. கொசுவின் பட்டறையில் பூசிய பூச்சு மனிதனின் வாசலில் நுழைவுச் சீட்டாகிறது.

அரைகுறை வெட்டும் இரண்டாம் காய்ச்சலும்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம்.

டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. முதல் இரண்டு வகைகள் 1940-களில் பிரித்தறியப்பட்டன. மூன்றாவதும் நான்காவதும் 1956-இல் மணிலா நகரில் குழந்தைகளை வாட்டிய கொள்ளைநோயின்போது அறியப்பட்டன. ஒரு வகை வந்து தேறியவருக்கு அதே வகையிடமிருந்து நெடுங்காலப் பாதுகாப்புக் கிட்டுகிறது. பிற வகைகளிடமிருந்து கிட்டுவதோ சில மாதப் பாதுகாப்பே.

1960-களில் பாங்காக் நகரில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட், கடும் டெங்கு கண்ட குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு அது இரண்டாம் தொற்று என்பதைக் கவனித்தார். கியூபாத் தீவு இதற்குக் கசப்பான சான்றாயிற்று. அங்கே 1977-இல் முதலாம் வகை பரவியது. கடும் நோய் மிக அரிது. 1981-இல் இரண்டாம் வகை வந்தது. 3,44,203 பேர் நோயுற்றனர். 158 பேர் மாண்டனர். அவர்களுள் 101 பேர் குழந்தைகள். மீண்டும் 1997-இல் சாந்தியாகோ நகரில் இரண்டாம் வகை தோன்றியபோது, கடும் நோய்க்கு ஆளானவர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன் முதலாம் வகையைச் சந்தித்திருந்த பெரியவர்களே. நம் தலைநகரமும் 1996-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் நானூற்றுக்கு மேற்பட்ட மரணங்களையும் கண்டது.

உடலைக் காக்க உண்டான எதிர்ப்பொருளே எதிரிக்குத் துணைபோவது எவ்வாறு? பழைய வகைக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் புதிய வகையின் துகளில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதை முடக்கும் அளவுக்குப் பொருந்தாது. எதிர்ப்பொருள் ஒட்டிய எதையும் விழுங்கும் காவல் உயிரணுக்கள் நம் இரத்தத்தில் உண்டு. அவை இத்துகளையும் விழுங்குகின்றன. விழுங்கப்பட்ட துகளோ சாவதற்குப் பதிலாக அங்கேயே பெருகுகிறது.

இந்த இடத்தில்தான் மூடியின் கதையும் வந்து கலக்கிறது. டெங்குவின் வெட்டுமிடத்தை அடுத்துள்ள அமினோ அமிலங்கள் ஃபியூரினுக்கு அவ்வளவு உவப்பானவை அல்ல. ஆகையால் ஆய்வுக்கூட உயிரணுக்களில் பெருகும் டெங்கு துகள்கள் பலவற்றில் சில மூடிகள் வெட்டுப்படாமலே தங்கிவிடுகின்றன. முழுதும் மூடியோடு வெளிவந்த துகள் நியாயப்படி எந்த உயிரணுவையும் தாக்க இயலாத செல்லாக்காசு. ஆனால் நம் உடல் அந்த மூடிக்கு எதிராகவும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. 2010-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் இதன் விளைவைக் காட்டின. மூடிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் வைரஸைச் சரிவர முடக்குவதில்லை. மாறாக, முதிராத துகளைக் கைத்தாங்கலாகக் காவல் உயிரணுவுக்குள் கொண்டு சேர்க்கின்றன. உள்ளே நுழைந்த பைக்குள்ளும் ஃபியூரின் இருக்கிறது, அமிலமும் இருக்கிறது. பிறந்த வீட்டில் விட்டுப்போன வெட்டு, புகுந்த வீட்டில் விழுகிறது. செல்லாக்காசு செல்லும் காசாகிறது.

இதுவே முழுக் காரணம் என்று கூறுவதற்கில்லை. உறைப்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் இவ்வாறு துணைபோவதுண்டு. மேலும், நோயாளிகளின் இரத்தத்தில் காணும் முதலாம் வகைத் துகள்கள் ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பவற்றைவிட நன்கு முதிர்ந்தவை என்று 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. எனினும் மூடியின் நிலை எதிர்ப்பொருளின் பலனை மாற்றுகிறது என்பது ஐயமின்றி விளங்கிவிட்டது.

இவை ஆய்வுக்கூடத்தோடு முடியும் செய்திகள் அல்ல. டெங்வாக்சியா என்னும் தடுப்பூசி 2015-இன் இறுதியில் அனுமதி பெற்று, 2016 முதல் பிலிப்பைன்ஸ் நாட்டில் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் போடப்பட்டது. 2017 நவம்பரில், முன்பு டெங்குவே வராத குழந்தைகளுக்கு அத்தடுப்பூசி பின்னாளில் கடும் நோய் வரும் வாய்ப்பை அதிகரிக்கக்கூடும் என்று அதனைத் தயாரித்தவர்களே அறிவித்தனர். அத்திட்டம் நிறுத்தப்பட்டது. தடுப்பூசி அக்குழந்தைகளின் உடலில் முதல் டெங்குவைப்போல் நடந்துகொண்டது. எனவே, பின்னர் வந்த உண்மையான முதல் டெங்கு, இரண்டாம் டெங்குவாக ஆயிற்று. நான்கு வகைகளுக்கும் ஒருசேர வலுவான பாதுகாப்பைத் தருவது ஏன் இத்துணை அரிய செயலாக இருக்கிறது என்பது இதனால் புலனாகும். நம் நாட்டிலேயே உருவான தடுப்பூசி ஒன்றன் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் ரோத்தக் நகரில் தொடங்கியது.

கத்தரிக்கோலைப் பிடுங்கலாமா?

வைரஸ் நம் கருவியை இரவல் வாங்குகிறது என்றால், கருவியையே பூட்டி வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேள்வி நியாயமானதே. ஆனால் ஃபியூரின் இல்லாத சுண்டெலிகள் கருவிலேயே இறந்துபோகின்றன. வீட்டுக்காரனுக்கும் அன்றாடம் வேண்டிய கருவி அது.

சர்க்கரைக் கொம்பைக் கழிக்கும் நொதிகளைத் தடுக்கவும் முயன்றனர். ஆஸ்திரேலிய நாட்டு மரம் ஒன்றன் விதையிலிருந்து கிடைக்கும் காஸ்டனோஸ்பெர்மின் என்னும் பொருள், டெங்கு புகுத்திய சுண்டெலிகளைச் சாவிலிருந்து காத்தது. அதைச் சற்று மாற்றியமைத்த செல்கோசிவிர் என்னும் மருந்தை 2012-13-இல் சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம் சோதித்தனர். தீங்கு நேரவில்லை, ஆனால் காய்ச்சலோ இரத்தத்தில் வைரஸின் அளவோ குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சுண்டெலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்கவில்லை. ஆயினும், 2016-இல் கண்டதுபோல், உயிரணு விட்டுக்கொடுக்கக்கூடிய, வைரஸோ விட்டுக்கொடுக்க முடியாத உறுப்புகள் சில உள்ளன என்பதே நம்பிக்கைக்கு இடமளிக்கிறது.

நாம் செய்யத்தக்கது

மருந்து வரும் வரையில் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. வட நகரங்களில் கோடையில் ஓடும் கூலரின் தண்ணீர்த் தொட்டி அதற்கு அரண்மனை. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகையால் வாரம் ஒரு முறை தொட்டியைக் கவிழ்த்து, உட்சுவரைத் தேய்த்துக் காயவிட்டால் ஒரு தலைமுறையே அழிந்துபோகும்.

காய்ச்சல் கண்டால் மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொள்ளலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்றவை இரத்தக் கசிவை மிகுவிக்கும் ஆதலால் அவற்றைத் தொடலாகாது. நீர், கஞ்சி, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவற்றை இடைவிடாது அருந்துக. எல்லாவற்றிலும் முக்கியமானது: காய்ச்சல் இறங்கும் நாளே கண்காணிக்க வேண்டிய நாள். மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையில் உடல் குளிர்ந்து, "தேறிவிட்டான்" என்று வீட்டார் மகிழும் வேளையில்தான் கடும் டெங்கு வெளிப்படும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அளவுகடந்த சோர்வு அல்லது பதற்றம் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் டெங்கு வந்தவர் எல்லோருக்கும் ஆபத்து என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலோர் நலமாகவே தேறுகின்றனர். ஆபத்தின் வாய்ப்பு கூடுகிறது என்பதே பொருள். வாய்ப்பு கூடியவரை முன்னரே அறிந்தால் மருத்துவர் அவரை நெருங்கிக் கண்காணிப்பார். தக்க நேரத்தில் நரம்பு வழியே நீர் செலுத்துவதாலேயே உயிர் காக்கப்படுகிறது.

நம் குடும்பங்களுக்கு இதில் தனியொரு கடமை உண்டு. பிழைப்பின் பொருட்டு நகரம் விட்டு நகரம் மாறுகிறோம். நாகபுரியில் வந்த காய்ச்சலின் சீட்டு நாகபுரியிலேயே நின்றுவிடுகிறது. தில்லி மருத்துவருக்கு அது தெரியாது. சென்னையில் தாத்தா வீட்டில் விடுமுறையின்போது பேரனுக்கு வந்தது டெங்குவா, வேறா என்பது இரண்டு ஆண்டுகளுக்குப் பின் யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆகவே குடும்ப அட்டை, பிறப்புச் சான்று ஆகியவற்றை வைக்கும் உறையிலேயே ஒரு தாளையும் சேர்த்து வையுங்கள். யாருக்கு, எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தச் சோதனையால் டெங்கு என்று உறுதியாயிற்று என்று அதில் நான்கு வரி எழுதுங்கள். சோதனைச் சீட்டின் படியும் இருக்கட்டும். மருத்துவர் கேட்கும்போது தடுமாறாமல் எடுத்து நீட்ட, மாற்றல் உத்தரவு வந்த அன்று முதலில் பெட்டியில் வைக்கும் தாள்களுள் அதுவும் ஒன்றாக இருக்கட்டும்.